ஸ்ரீபுரந்தானில் எடுத்த படம்

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் பக்கம் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு சிற்றூர். சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில் ஒன்று அங்கே உண்டு. தஞ்சையிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் இருக்கும் பெரிய கோயில்களின் பெயரைத் தாங்கிய சிறிய கோயில். 1990-களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அங்கே போய், உள்ளே இருந்த செப்புத் திருமேனிகளைப் படம் எடுத்தார்கள். அவற்றில் ஒருவர் ஆடவல்லான். ஏறக்குறைய நாலடி உயரம், சுற்றிலும் சுடர்கள் முளைத்த திருவாசி, காலடியில் முயலகன். கறுப்பு வெள்ளையில் விழுந்த அந்தப் படத்துக்கு அன்று தனி மதிப்பு ஏதும் இல்லை. ஊர், கோயில், தெய்வம் என்ற விவரங்களோடு மற்றப் படங்களுக்கு நடுவே அதுவும் போய்ச் சேர்ந்தது.

நான் சொல்ல வந்தது அந்தப் படத்தின் கதை. சிலையின் கதையைப் பலர் சொல்லிவிட்டார்கள். சிலை கடல் கடந்து கண்டம் விட்டுக் கண்டம் போய்த் திரும்பியது. படம் புதுச்சேரியிலேயே கிடந்தது. ஆனாலும் சிலையை ஊருக்குத் திரும்ப அழைத்து வந்ததில் படத்தின் பங்கு பெரியது. கலைப் பொருள்களை இணையத்தில் தேடவும் உலாவிப் பார்க்கவும் கருவி செய்கிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கியது. இந்தியவியல் அறிஞர் ழான் ஃபிலியோசா அதை நிறுவியவர். அடுத்த ஆண்டிலிருந்தே கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுக்கும் வேலை ஆரம்பித்துவிட்டது. ஆகமங்களும் சிற்ப நூல்களும் சொல்லும் உருவ இலக்கணம் ஊர்க் கோயில்களில் எப்படி வடிவம் பெற்றிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். திருடனைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. பெரிய கோயில்களோடு நிற்காமல், ஒருகால பூஜை நடக்கும் கோயில், பூட்டியே கிடக்கும் கோயில் என்று உள்ளூர்களுக்கும் போனார்கள். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் எந்த ஊர், எந்தக் கோயில், என்ன உருவம் என்ற குறிப்பு. அலுப்பூட்டும் வேலை. அதை அலுக்காமல் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்தவர்களை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

2006 வாக்கில் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அது அன்றாடம் திறக்காத கோயில். அதனால் களவு போனதே யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் சிலைகள் காணாமல் போன செய்தி பரவி, இங்கிருப்பவற்றையாவது பத்திரப்படுத்துவோம் என்று 2008-இல் கதவைத் திறந்தபோதுதான் எட்டுத் திருமேனிகள் இல்லை என்று தெரிந்தது.

அதற்குள் ஆடவல்லான் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்திருந்தார். நியூயார்க் மேடிசன் அவென்யூவில் கலைப் பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூரிடமிருந்து, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு அதை வாங்கியது 2008 பிப்ரவரியில். கூடவே ஒரு காகிதமும் வந்தது. சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் டெல்லியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய சிலை இது, 1972-இன் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது என்று அந்தக் காகிதம் சொன்னது. அத்தனையும் பொய். அதே ஸ்ரீபுரந்தான் கோயிலின் உமா பரமேஸ்வரியைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் அதற்கு முந்தைய ஆண்டே 6,50,000 டாலர் கொடுத்து வாங்கியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கலைக்கூடம் தான் வாங்கியதை ஒளித்து வைக்கவில்லை. பெருமையோடு காட்சிக்கு வைத்தது. வண்ணப் படத்தை வெளியிட்டது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1990-களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமோ புதுச்சேரியில் இருக்கிறது. இரண்டும் ஒரே திருமேனி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். ஆனால் ஐந்து ஆண்டுகள் அது நடக்கவில்லை. காரணம் என்ன?

கலைக்கூடத்தின் இணையப் பக்கத்தில் இருந்த விவரம், சிவன் நடனக் கோலம், சோழர் காலம், தமிழ்நாடு என்ற அளவில்தான். அதே சொற்கள் உலகின் எத்தனையோ அருங்காட்சியகங்களின் எத்தனையோ ஆடவல்லான்களுக்கும் பொருந்தும். புதுச்சேரிக் குறிப்பில் ஊரின் பெயர் இருந்தது. கான்பெராவில் அது இல்லை. இரண்டையும் இணைத்திருக்கக்கூடிய ஒரே கண்ணி அந்த ஊர்ப்பெயர். அதைத்தான் திருடர்கள் சிலையைப் பெயர்க்கும்போதே அறுத்து எறிந்திருந்தார்கள். காலத்தை ஆராய்ச்சியாளர் பார்த்துச் சொல்லலாம், உருவத்தை யாரும் சொல்லலாம், உலோகத்தைச் சோதனைக்கூடம் சொல்லும். எந்த ஊர்க் கோயிலில் எந்த மூலையில் நின்றது என்பதை மட்டும் சிலையைப் பார்த்து அறிய முடியாது. யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

கடைசியில் இரண்டு படங்களையும் சேர்த்து வைத்தது மனிதர்களின் நினைவாற்றல்தான். சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே சோழச் சிற்பங்களைப் பற்றி இணையத்தில் எழுதி வந்த எஸ். விஜயகுமாரும், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேசன் ஃபெல்ச்சும் 2013-இல் இந்த ஒப்பீட்டை வெளியே கொண்டுவந்தார்கள். மெழுகு வார்ப்பில் செய்த திருமேனிகளில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகு உருகி ஓடியதும் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான். அச்சு போய்விட்டால் போனதுதான். ஆகவே சுடர் ஒன்று சாய்ந்திருக்கும் கோணம், சடை விரிந்த விதம், பீடத்துத் தாமரை இதழில் உள்ள மழுங்கல், வார்ப்பில் நேர்ந்த சிறு பழுது என்று ஒவ்வொன்றும் அந்த ஒரு சிலைக்கு மட்டுமே உரியது. இரண்டு படங்களிலும் இவை பொருந்தினால் ஐயத்துக்கு இடமில்லை.

பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. கபூர் 2011-லேயே ஜெர்மனியில் பிடிபட்டு மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார். 2014 செப்டம்பர் 5-ஆம் தேதி ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் டெல்லிக்கு வந்து ஆடவல்லானைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். அதோடு விருத்தாசலம் கோயிலிலிருந்து களவு போன கல் அர்த்தநாரீஸ்வரரும் வந்தார். அவரை வைத்திருந்தது சிட்னியில் உள்ள கலைக்கூடம். அடுத்த ஆண்டு சிங்கப்பூரிலிருந்து உமா திரும்பினாள். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இனி கருவிகளுக்கு வருகிறேன். அதே கான்பெரா நகரத்தில், ஏறக்குறைய அதே ஆண்டுகளில், மிட்செல் வைட்லா என்ற பேராசிரியர் ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். அருங்காட்சியகங்களின் இணையப் பக்கத்தைத் திறந்தால் ஏன் ஒரு தேடல் பெட்டி மட்டும் வந்து நிற்கிறது? என்ன வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தானே அது உதவும்? சேலத்து ஜவுளிக்கடையில் புடவை எடுக்கப் போனால், கடைக்காரர் பாயில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவார். பார்க்கப் பார்க்கத்தான் நமக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவரும். தேடல் பெட்டி அப்படிப் பிரித்துப் போடுவதில்லை. தொகுப்பு முழுவதையும் முதலிலேயே கண்முன் விரித்துக் காட்டு, காலவாரியாக, வகைவாரியாக உலாவ விடு, அதன்பிறகு தேடச் சொல் என்பது வைட்லாவின் வாதம். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் அச்சோவியத் தொகுப்புக்கே அப்படியொரு பக்கத்தை அவரும் அவர் சகாவும் வடிவமைத்துக் காட்டினார்கள். இதை விளக்கும் அவரது கட்டுரை 2015-இல் வெளியானது. நான் அவர் கட்சி. பார்க்கிறவனை மதிக்கும் வடிவமைப்பு அது.

அந்தப் பத்தாண்டுகளில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2011-இல் கூகுள் 17 அருங்காட்சியகங்களோடு தன் கலைத் திட்டத்தைத் தொடங்கியது. 2012-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை இறக்கிக்கொள்ளவும் வெட்டி ஒட்டவும் அனுமதித்தது. 2017-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தது. 2020-இல் ஸ்மித்சோனியன் 28 லட்சம். இந்தியாவிலும் புனே சி-டாக் உருவாக்கிய ‘ஜதன்’ மென்பொருளில் தேசிய அருங்காட்சியகங்களின் பொருள்கள் ஏறியிருக்கின்றன. எங்கள் ஊரான மேச்சேரியில் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நியூயார்க்கில் இருக்கும் சோழர் காலத்துப் பார்வதியின் விரல் நகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். என் அப்பா தலைமுறை கனவிலும் நினைக்காத காரியம். இதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

ஆனால் இந்தப் பக்கங்களில் எதை வைத்து உலாவ முடிகிறது என்று பாருங்கள். நிறம் வைத்து, கலைஞர் பெயர் வைத்து, நூற்றாண்டு வைத்து, பொருளின் வகை வைத்து. தமிழ்நாட்டுத் திருமேனிக்குக் கலைஞர் பெயர் கிடையாது, நூற்றாண்டு ஊகம். அதற்கு உறுதியான முகவரி என்று ஒன்று இருக்குமானால் அது ஊர்தான். அந்த இடத்தில்தான் “தமிழ்நாடு, இந்தியா” என்று எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஊர் குறித்திருந்தாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். திருத்துறைப்பூண்டியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஊர்க்காரர் தன் ஊர்ப்பெயரைத் தமிழில் அடித்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சொந்தக் கோயிலின் சாமி எங்கேயாவது இருக்கிறாரா என்று தேட மிகுந்த உரிமை உள்ளவருக்கு மிகக் குறைவாக உதவும் கருவியாக அது நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீபுரந்தானில் ஆடவல்லானும் உமாவும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்கள். புதுச்சேரிப் படங்களில் அவர்கள் ஒரே ஊரின் கீழ்தான் வருவார்கள். விற்றுப் போன பிறகு ஒருவர் கான்பெரா தரவுத்தளத்தில், இன்னொருவர் சிங்கப்பூர் தரவுத்தளத்தில். ஒன்றுக்கு இன்னொன்று தெரியாது. இதைத் தீர்க்கத் தொழில்நுட்பம் ஏற்கெனவே உண்டு. 2011-இல் தொடங்கிய டிரிபிள்-ஐ-எஃப் என்ற பொது ஏற்பாட்டின்படி, வெவ்வேறு நிறுவனங்களின் படங்களை ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பெரிதாக்கி ஒப்பிடலாம். நூலகங்கள் கிழிந்த கையெழுத்துப் பிரதிகளின் ஏடுகளை இப்படி ஒன்று சேர்க்கின்றன. சிதறிய கோயில் திருமேனிகளுக்கும் அதைச் செய்யலாம். ஒரு கோயிலின் பெயரைத் தொட்டால், அங்கே ஒருகாலத்தில் நின்றவை எல்லாம், இன்று எந்த நாட்டில் இருந்தாலும், பழைய படத்தோடு ஒரே பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நான் ஒரு கருவி வடிவமைப்பதாக இருந்தால் அதன் முதல் பக்கம் இதுதான்.

இது வீண் கற்பனை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் திருமேனி ஒன்று உண்டு. கும்பகோணம் பக்கம் சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957-இல் புதுச்சேரி நிறுவனம் எடுத்த படத்தோடு அது பொருந்துகிறது என்று ஆய்வாளர் ஒருவர் கண்டு சொன்னார். அருங்காட்சியகம் தானே முன்வந்து 2019 டிசம்பரில் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது. 2024-இல் திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. கான்பெரா கலைக்கூடமும் 2014-க்குப் பிறகு தன் ஆசியப் பொருள்களின் கைமாறிய வரலாற்றை ஆராய ஆரம்பித்து, 2021-இல் மேலும் 14 பொருள்களை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஒரு பொருளின் பக்கத்தில் அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எந்த ஆண்டு போனது என்று சொல்வதையும், இடையில் விடுபட்ட ஆண்டுகளை விடுபட்டவையாகவே காட்டுவதையும் நேர்மையான வடிவமைப்பு என்பேன். இன்டர்போல் 2021-இல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் செயலியில், களவு போன பல்லாயிரம் பொருள்களின் பட்டியலைப் படம் கொடுத்தே எவரும் தேடலாம். ஆனால் பட்டியலில் ஏற ஒரு பழைய படம் வேண்டும். எல்லாக் கருவிகளும் கடைசியில் அந்தப் பழைய படத்திடம்தான் போய் நிற்கின்றன.

எங்கள் மேச்சேரிப் பக்கம் சோழர் செப்புத் திருமேனிகளுக்குப் பேர்போன சீமை இல்லை. நடுகல் உண்டு, சாமிக் குதிரை உண்டு, ஊருக்கு ஊர் அம்மன் உண்டு. பத்ரகாளியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரளும். தேர் நகரும்போது கையில் செல்போன் இல்லாதவரைப் பார்ப்பது அரிது. ஒரே நாளில் எடுக்கப்படும் படங்களின் எண்ணிக்கை பிரெஞ்சு நிறுவனம் பல ஆண்டுகளில் எடுத்ததற்கு ஈடாகக்கூட இருக்கலாம். அந்தப் படங்கள் எங்கே போகின்றன? வாட்ஸ்அப் குழுக்களுக்கு. அனுப்பும்போதே செயலி படத்தைச் சுருக்கிவிடுகிறது. செல்போன் தானாகப் படத்துக்குள் எழுதிய இடக் குறிப்பையும் நீக்கிவிடுகிறது. பத்துக் கை மாறிய பிறகு அது ஏதோ ஓர் அம்மன் படம். ஊர் இல்லை, கோயில் இல்லை, ஆண்டு இல்லை. களவுபோன சிலைக்கு நேர்ந்த கதி, யாரும் திருடாமலே நம் படங்களுக்கு நேர்கிறது.

போதாததற்கு, திருவிழாப் படத்தில் உற்சவரின் முகம் தவிர வேறெதுவும் தெரியாது. பட்டும் மாலையும் கவசமும் எல்லாவற்றையும் மூடியிருக்கும். பார்க்கக் கண்கொள்ளாது, அடையாளம் காட்ட உதவாது. அணிகளைக் களைந்து திருமஞ்சனம் செய்யும் வேளையில், பூசாரியின் சம்மதத்தோடு, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எடுத்த படம்தான் நாளைக்குப் பேசும். களவு போகும் கலைப் பொருள்களை அடையாளம் காண 1997-இல் ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்று ஓர் உலகத் தரம் வகுத்தார்கள். என்ன பொருள், எதனால் செய்தது, என்ன அளவு, எழுத்து உண்டா, இதற்கு மட்டுமே உரிய பழுதோ வடுவோ உண்டா என்று சாதாரணக் கேள்விகள்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை நிரப்பிவிடும். 1959-இன் அறநிலையச் சட்டம் 29-ஆம் பிரிவில் ஒவ்வொரு கோயிலும் சொத்துப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தப் பதிவேட்டில் ‘அம்மன் உற்சவர் 1’ என்ற வரிக்குப் பக்கத்தில் நாலு படங்கள் இருந்தால் அந்த வரிக்கு உயிர் வந்துவிடும்.

எல்லாவற்றையும் இணையத்தில் போட்டால் திருடனுக்கு வழி காட்டியதாகாதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். கபூரின் ஆட்கள் தேடிப் போனதே ஆள் நடமாட்டம் இல்லாத கோயில்களைத்தான். கதவு எப்படி, பூட்டு எப்படி, சிலை இப்போது எந்த அறையில் என்பதை ஒருநாளும் வெளியிடக் கூடாது. படத்தையும் ஊரையும் வெளியிட்டால் நிலைமை வேறு. உலகத்துக்குத் தெரிந்த முகத்தை விற்பது கடினம். ஸ்ரீபுரந்தான் படம் 2006-லேயே எவரும் தேடக்கூடிய இடத்தில் இருந்திருந்தால், எந்தக் கலைக்கூடமும் 50 லட்சம் டாலரை எண்ணிக் கொடுக்கும் முன் அதைப் பார்த்திருக்கும். சிறிய, காவலில்லாத கோயில்களின் படங்களை மட்டும் முதலில் பத்திரமான இடத்தில் சேர்த்து வைத்துவிட்டு, காவல் ஏற்பாடு ஆன பிறகு வெளியிடலாம். எடுக்காமலே விடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

ஆடவல்லான் திரும்பி வந்து கும்பகோணத்துப் பாதுகாப்பு மையத்துக்குப் போனார். தன் கோயிலில் நின்ற கோலத்தில் அவரைப் பார்க்க விரும்புகிறவர் இன்றும் புதுச்சேரிப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் கணினி படித்த பிள்ளைகள் சிலர் சுற்றுவட்டாரக் கோயில்களைப் பதிவு செய்யலாம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். படம் எடுத்த அன்றே ஊர், கோயில், தேதி மூன்றையும் தமிழில் எழுதிவிட வேண்டும், சுருக்காத மூலப் படத்தைத் தனியே வைக்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னேன். “பின்பக்கமும் எடுக்கணுமாண்ணா? யாரும் பாக்க மாட்டாங்களே” என்றான் ஒருவன். எடுக்கணும் தம்பி என்றேன். சடையின் முடிச்சும், பீடத்தில் தண்டு கோக்கும் வளையமும், எப்போதோ வைத்த ஒட்டும் அந்தப் பக்கம்தான் தெரியும்.